வார்ப்பதற்கு முன் கணித்தல்

ஊவாவின் தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்து வாட்டும் தொட்டிகளின் முனையில் பெரிய மின்விசிறிகள் சுழல்வதைக் காணலாம். அவ்விசிறியின் இதழொன்றைக் கண்ணாடியிழை கலந்த பல்பகுதியத்தில் வார்ப்பதாக வைத்துக்கொள்வோம். உருகிய கலவை மூடிய உருக்கு அச்சினுள் உயர் அமுக்கத்தில் பாயும்போது உள்ளே நிகழ்வது எவர் கண்ணுக்கும் புலப்படாது. வார்த்த பின்னரே பிழை தெரியவருமாயின், பெருஞ்செலவில் செய்த அச்சை மீண்டும் குடைய வேண்டும்.

இச்செலவைத் தவிர்க்கவே கணினி மாதிரியாக்கம் தோன்றியது. 1978 இல் அவுஸ்திரேலியாவில் கொலின் ஒஸ்ரின் தொடங்கிய 'மோல்ட்ஃபுளோ' இத்துறையின் முன்னோடி. 2008 இல் அது ஓட்டோடெஸ்க் நிறுவனத்தின் வசமாயிற்று. பொருளின் வடிவம் ஆயிரக்கணக்கான சிறு கூறுகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் அமுக்கம், வெப்பநிலை, பாயும் வேகம் ஆகியன கணிக்கப்படுகின்றன.

இழைகள் சேரும்போதுதான் சிக்கல் முற்றுகிறது. அச்சின் சுவரோரத்தில் இழைகள் பாயும் திசையிலும், நடுப்பகுதியில் பெரும்பாலும் அதற்குக் குறுக்காகவும் படிகின்றன. ஆகவே ஒரே பொருள் ஒரு திசையில் வலுவாகவும் மறு திசையில் நலிந்தும் இருக்கும். ஆறும்போது கோணவும் கூடும். பாய்மத்தில் மிதக்கும் தனித்த துகளின் சுழற்சியை ஜெஃப்ரி 1922 இலேயே சமன்பாடாக்கினார். இழைகள் ஒன்றையொன்று இடிப்பதை ஃபோல்கர், டக்கர் இருவரும் 1984 இல் கணக்கில் சேர்த்தனர். இரு பாய்வு முனைகள் சந்திக்கும் கோட்டை இழைகள் எளிதில் கடப்பதில்லை. அக்கோடு இதழின் அடியில் விழுந்தால் முறிவு அங்கேயே நேரும். கலவை புகும் வாயிலைக் கணினித் திரையில் இடம்மாற்றிப் பார்ப்பதற்குச் செலவு எதுவுமில்லை.

இத்தகைய பொருட்களின் பயன் ஏவுகணையோடு நிற்பதன்று. போலியோவால் பாதிக்கப்பட்ட சிறுவர்கள் அணிந்த ஏறத்தாழ 3 கிலோகிராம் நிறையுள்ள உலோகக் கால்தாங்கிகளுக்குப் பதிலாக, சுமார் 300 கிராம் நிறையில் கலப்புப்பொருள் தாங்கிகளை அப்துல் கலாமின் குழு ஹைதராபாத்தில் உருவாக்கியமை வாசகர் பலரும் அறிந்ததே.

ஊவாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை எனலாகாது. மொனராகலையில் இறப்பர் விளைகிறது. பதுளையில் 2005 இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இறப்பர்ப்பால் தொழில்நுட்பத்தையும் பெறுமதி சேர்த்தலையும் பட்டப்படிப்பாகக் கற்பிக்கிறது. 'ஓபன்ஃபோம்' போன்ற பாய்மக் கணிப்பு மென்பொருட்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் மென்பொருள் தானாக எதையும் அறியாது. பிசுக்குமையை ஆய்வுகூடத்தில் பிழையின்றி அளந்து கொடுத்தால் மட்டுமே அதன் விடை பயன்படும். அதனை இயக்குபவருக்கு வகையீட்டுச் சமன்பாடுகள் புரிய வேண்டும். தோட்டப் பாடசாலைகளில் கணித, விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை நீடிக்கும் வரை, நன்கொடையாகக் கிடைக்கும் கணினிகள் தட்டச்சுக்கே பயன்படும்.