கொசஸ்தலையாறும் காலத்தின் அளவுகோலும்

தலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் தொல்பழங்காலம் கண்முன் விரியும் என்கிறார்கள். பயாஸ்கோப் பெட்டிக்குள் முகத்தைப் புதைத்துப் பார்த்தவர்களுக்கு வித்தை புதுசில்லை. ஆனால் ‘மெய்நிகர்’ தொழில்நுட்பத்தை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவருபவர்கள் ஒரு நியாயம் சொல்கிறார்கள்: லட்சக்கணக்கான ஆண்டுகள் நமக்கு வெறும் எண்ணாகவே நிற்கின்றன, கண்ணாடி அதை அனுபவமாக்கும். சரி, அனுபவமாவது காலமா, காட்சியா?

காத்திவாக்கத்தை ஒட்டி எண்ணூர் முகத்துவாரத்தில் கடல்சேரும் கொசஸ்தலையாற்றை வைத்தே இதைப் பேசிப்பார்க்கலாம். ஆற்றின் மேற்பகுதியில், பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கத்தில், 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். 1999 முதல் அங்கே அகழாய்ந்த சாந்தி பப்புவும் குழுவினரும், கைக்கோடரி செய்தவர்களின் காலம் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பின்னால் போகிறது என்று 2011இல் வெளியிட்டார்கள். அதையடுத்த இடைப் பழங்கற்காலம் அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்பது 2018இல் வந்த முடிவு.

இதை அளவு பிசகாமல் ஒரு மணி நேரக் காட்சியாக எடுப்பதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு ஏறத்தாழ 417 ஆண்டுகள். முதல் 44 நிமிடமும் கைக்கோடரிதான். இடையிடையே ஆளில்லாத வெளியும் வரும். எவன் உட்கார்ந்து பார்ப்பான்? ஆகவே வெட்டுவார்கள். யானை வரும், தீ எரியும், வேட்டை நடக்கும். நீண்ட காலத்தை நீண்டதாக உணரவைக்கிற அந்தச் சலிப்புதான் வெட்டில் முதலில் போகும்.

வெட்டாமல் விட்டாலும் சிக்கல் தீராது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. அந்த 47 ஆண்டுகள் நம் காட்சியில் ஒரு நொடியின் ஒன்பதில் ஒரு பங்கு. வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் ஆற்றில் கலந்து படிந்ததும் ஒரு கண்சிமிட்டலுக்குள் முடிந்துவிடும். பெருங்காலத்தின் முன் மனிதன் வெறும் தூசு என்கிற கதையாடல், சாம்பலை விட்டவரையும் அதே சேற்றில் இறங்கி இறால் தடவுகிறவரையும் ஒரே தூசாக்கிவிடுகிறது. அளவுகோலைத் தேர்வதிலேயே அதிகாரம் செயல்படத் தொடங்குகிறது என்று இதனால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தப் பக்கத்து ஜனங்களிடம் வேறு அலகு உண்டு. ‘எங்க ஆயா காலத்துல’, ‘பவர் ஹவுஸ் வர்றதுக்கு முந்தி’ என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். மூன்று தலைமுறைக்கு மேல் அது நீளாது. ஆனால் எது போனது, யாரால் போனது என்ற கணக்கு அதில் இருக்கிறது. இந்த அலகையும் அத்திரம்பாக்கத்துக் கல்லையும் ஒன்றாகக் கோர்க்கிற காட்சி வந்தால் வரிசையில் நானும் நிற்பேன். அதுவரைக்கும் பூண்டி அருங்காட்சியகத்தில் கற்கருவிகளைப் பார்த்துவிட்டு, ஆற்றோடு கிழக்கே இறங்கி வரலாம். முகத்துவாரத்தில் காலடியில் சாம்பல் தட்டுப்படும்.