விமானம் காட்சிக்கூடத்தில், வரலாறு கோப்புகளில்: வான், விண்வெளி ஆவணக் காப்பகங்கள் ஏன் முக்கியம்?

சாங்வி (புனே): விமான, விண்வெளி அருங்காட்சியகங்களுக்குச் செல்வோரின் கண்ணில் முதலில் படுவன, இறக்கை விரித்து நிற்கும் விமானங்களும் ராக்கெட்டுகளின் மாதிரிகளுமே. அந்த விமானம் எந்த நாளில் பறந்தது, யார் ஓட்டினார், எதனால் பழுதடைந்தது என்ற கேள்விகளுக்கு விமானத்தின் உடலில் விடை இல்லை. பார்வையாளர் காணாத அறைகளில் உள்ள பறப்புப் பதிவேடுகள், கடிதங்கள், வரைபடங்கள், புகைப்படங்கள், ஒளிநாடாக்கள் ஆகியவையே அவற்றுக்கு விடை தருகின்றன. இந்த ஆவணங்கள் அழிந்தால் சாதனைக்கும் கட்டுக்கதைக்கும் இடையிலான வேறுபாட்டை நிறுவ வழியில்லாமல் போகும்.

இந்திய வான் போக்குவரத்தின் தொடக்ககால ஆவணங்கள் பாதுகாக்கப்படும் நகரங்களுள் புனேயும் ஒன்று. விமானப்படைத் தளமும் பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடங்களும் அமைந்துள்ள இந்நகரில், அத்துறைகளில் பணியாற்றியோரின் வீடுகளிலும் பழைய கடிதங்களும் புகைப்படங்களும் இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் பவனா, முளா ஆறுகளை ஒட்டிய சாங்வி போன்ற பகுதிகளில், அணைகளிலிருந்து உபரி நீர் திறக்கப்படும் மழைக்காலங்களில் தாழ்வான குடியிருப்புகளுக்குள் வெள்ளம் புகுவது வழக்கம். காகித ஆவணங்களுக்கு நீரே முதல் எதிரி என்பதால், அவற்றைக் காப்பது பற்றிய அறிவு இப்பகுதியினருக்குக் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

புனேயில் உள்ள டாடா ஆவணங்கள்

டாடா குழுமத்தின் மத்திய ஆவணக் காப்பகம் 1991ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கப்பட்டு, 2001ஆம் ஆண்டு புனேக்கு மாற்றப்பட்டது. நிறுவன ஆவணங்களை முறையாகத் தொகுத்துக் காக்கும் இந்தியக் காப்பகங்களுள் இது முன்னோடியாகக் கருதப்படுகிறது. இந்திய விமானப் போக்குவரத்தின் முன்னோடியான ஜே.ஆர்.டி. டாடாவின் கடிதங்கள் இங்குள்ள முக்கியச் சேகரங்களுள் அடங்கும்.

ஜே.ஆர்.டி. டாடா 1929 பிப்ரவரி 10 அன்று, இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தைப் பெற்றார். 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து சுமார் 25 கிலோ தபால்களுடன் ஒற்றை எஞ்சின் கொண்ட பஸ் மாத் விமானத்தை ஓட்டி, அகமதாபாத் வழியாக மும்பையின் ஜூஹூவில் தரையிறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்ற விமானி, பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுசென்றார். பின்னாளில் ஏர் இந்தியாவாக வளர்ந்த நிறுவனத்தின் முதல் வழித்தடத்தில் சென்னையும் இடம்பெற்றிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

அந்நாளில் ஜூஹூ விமானத் தளம் கடலோரச் சேற்று நிலமாக இருந்தது. பருவமழையின்போது அது நீரில் மூழ்கியதால், விமானங்கள், விமானிகள், பழுதுநீக்குவோர் என அனைத்தையும் புனேக்கு மாற்றி, எரவாடா சிறைக்கு அருகிலிருந்த மைதானத்திலிருந்து சேவை நடத்தப்பட்டதாக ஜே.ஆர்.டி. பின்னர் நினைவுகூர்ந்துள்ளார்.

இத்தகைய இடர்ப்பாடுகளுக்கு இடையிலும் டாடாவின் தபால் சேவை முதல் ஆண்டில் நூறு விழுக்காடு நேரந்தவறாமையுடன் இயங்கியதாக அக்காலச் சிவில் விமானப் போக்குவரத்துத் துறையின் அறிக்கை பதிவுசெய்துள்ளது. நிறுவனத்தின் பெருமிதக் கூற்றாக மட்டும் எஞ்சியிருக்கக்கூடிய செய்தியை, அரசின் ஆண்டறிக்கை சான்றாக மாற்றியுள்ளது.

ஏர் இந்தியாவின் தலைவராக இருந்த காலத்தில், ஜே.ஆர்.டி. தமது பயணங்களுக்குப் பின் அதிகாரிகளுக்குக் குறிப்புகள் எழுதி அனுப்புவது வழக்கம். விமானத்தில் தரப்பட்ட தேநீருக்கும் காபிக்கும் நிறத்தில் வேறுபாடு தெரியவில்லை என்பது வரை அவர் குறைகளைச் சுட்டிக்காட்டினார். ஒரு நிறுவனம் எவ்வாறு நடத்தப்பட்டது என்பதை ஆண்டு அறிக்கைகளைவிட இத்தகைய சிறு குறிப்புகள் தெளிவாகக் காட்டுகின்றன.

காப்பகத்தில் என்னென்ன இருக்கும்?

அருங்காட்சியகம் பொருள்களைக் காட்சிக்கு வைக்கிறது. ஆவணக் காப்பகம் அப்பொருள்களைப் பற்றிய சான்றுகளைக் காக்கிறது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகம் போன்ற பெரிய நிறுவனங்களில் இவ்விரண்டும் இணைந்தே இயங்குகின்றன. அத்தகைய காப்பகங்களில் பொதுவாகக் காணப்படும் ஆவணங்கள் வருமாறு:

* பறப்புப் பதிவேடுகள்: நாள், விமானத்தின் வகை, பதிவெண், புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், பறந்த நேரம் ஆகியவற்றை விமானி வரிசையாக எழுதுவது.

* தொழில்நுட்ப வரைபடங்களும் கையேடுகளும்: பழைய விமானத்தைச் சீரமைப்போருக்கு இவை இன்றியமையாதவை. வரைபடம் இல்லையெனில் தேய்ந்துபோன பாகத்தின் உண்மை அளவை ஊகிக்க வேண்டியிருக்கும்.

* கடிதங்கள், நாட்குறிப்புகள்: அறிக்கைகளில் இடம்பெறாத தயக்கங்களும் கருத்து வேறுபாடுகளும் இவற்றில் பதிவாகின்றன.

* புகைப்படங்கள், திரைப்படச் சுருள்கள், காந்த நாடாக்கள்.

* வான்வழித் தபால் உறைகள்: தபால் முத்திரையில் உள்ள இடமும் நாளும் சான்றாகின்றன.

ரைட் சகோதரர்கள்: ஆவணங்கள் தீர்த்த சர்ச்சை

ஆவணத்தின் வலிமைக்கு ரைட் சகோதரர்களின் விமானமே சிறந்த எடுத்துக்காட்டு. 1903 டிசம்பர் 17 அன்று ஆர்வில் ரைட் 12 விநாடிகள், 120 அடி தொலைவு பறந்தார். ஆயினும், தமது செயலாளராக இருந்த சாமுவேல் லாங்லியின் விமானமே மனிதரைச் சுமந்து பறக்கும் திறன் பெற்ற முதல் விமானம் என ஸ்மித்சோனியன் நிறுவனம் நீண்டகாலம் கூறிவந்தது. 1914ஆம் ஆண்டு கிளென் கர்ட்டிஸ் அந்த விமானத்தைச் சோதித்ததை அது ஆதாரமாகக் காட்டியது.

சோதனைக்கு முன் லாங்லியின் விமானத்தில் பல மாற்றங்கள் செய்யப்பட்டிருந்தன என்பதே ஆர்வில் ரைட்டின் வாதம். மனம் வருந்திய அவர், 1928ஆம் ஆண்டு தமது விமானத்தை லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். 1942ஆம் ஆண்டு அந்த மாற்றங்களின் பட்டியலை ஸ்மித்சோனியன் தானே வெளியிட்டதை அடுத்துச் சர்ச்சை தணிந்தது. ஆர்வில் மறைந்த 1948ஆம் ஆண்டின் டிசம்பர் 17 அன்று அவ்விமானம் வாஷிங்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

அம்முதல் பறப்பின் புகைப்படச் சான்றும் அழிவின் விளிம்புக்குச் சென்று திரும்பியதே. 1913 மார்ச் மாதம் டேட்டன் நகரைத் தாக்கிய பெருவெள்ளத்தில் ரைட் சகோதரர்களின் கண்ணாடித் தகடு நெகட்டிவ்கள் பல சேதமடைந்தன. எஞ்சிய சுமார் 300 தகடுகள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. உலகப் புகழ்பெற்ற அந்த முதல் பறப்புப் படத்தின் தகட்டிலும் சேதத்தின் தடம் உண்டு.

அழிக்கப்பட்ட நிலவு நாடாக்கள்

ஆவணங்கள் அழிவதற்கு வெள்ளமோ தீயோ தேவையில்லை. அன்றாட நிர்வாக முடிவே போதும். 1969 ஜூலையில் நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால்வைத்த காட்சி, தரை நிலையங்களில் தரவு நாடாக்களில் பதிவுசெய்யப்பட்டது. உலகம் தொலைக்காட்சியில் கண்டது, அதிலிருந்து ஒளிபரப்புக்காக மாற்றப்பட்ட, தெளிவு குறைந்த வடிவத்தை மட்டுமே.

பல ஆண்டுத் தேடலுக்குப் பின், அந்த மூல நாடாக்கள் அழிக்கப்பட்டு மறுபயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டிருக்க வேண்டும் என்ற முடிவை நாசா 2009ஆம் ஆண்டு அறிவித்தது. நாடாத் தட்டுப்பாடு நிலவிய காலத்தில் எடுக்கப்பட்ட முடிவு அது. ஒளிபரப்பு நிறுவனங்களிடம் எஞ்சியிருந்த நகல்களைக் கொண்டே காட்சிகள் சீரமைக்கப்பட்டன. எது வரலாற்று ஆவணம் என்று குறித்துவைக்கப்படாத பெட்டி, கிடங்கில் பழைய பொருளாகவே கருதப்படும் என்பது இதன் பாடம்.

மாட்டு வண்டியும் சைக்கிளும்: விளக்கம் இழந்த படங்கள்

படம் பிழைத்து அதன் விளக்கம் தொலைந்தாலும் வரலாறு திரியும். இந்திய விண்வெளித் துறையைப் பற்றிச் சமூக ஊடகங்களில் அதிகம் பகிரப்படும் இரண்டு படங்கள் இதற்குச் சான்று.

ஆப்பிள் செயற்கைக்கோள் மாட்டு வண்டியில் வைக்கப்பட்டிருக்கும் படம், வாகனம் வாங்க இயலாத வறுமையின் அடையாளமாகப் பலமுறை பகிரப்பட்டுள்ளது. உண்மையில் அது செயற்கைக்கோளின் ஆன்டெனாச் சோதனையின்போது எடுக்கப்பட்டது. உலோக வாகனம் ரேடியோ அலைகளைப் பிரதிபலித்து அளவீடுகளைக் குலைக்கும் என்பதால் மர வண்டி தேர்ந்தெடுக்கப்பட்டது. 1981 ஜூன் 19 அன்று ஏரியன் ராக்கெட் மூலம் அச்செயற்கைக்கோள் விண்ணில் செலுத்தப்பட்டது.

ராக்கெட்டின் முனைப்பகுதி சைக்கிளில் கொண்டுசெல்லப்படும் படமோ, 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து ஏவப்பட்ட முதல் ராக்கெட்டுடன் அடிக்கடி இணைத்துப் பேசப்படுகிறது. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெசோன் 1966ஆம் ஆண்டு தும்பாவில் எடுத்த படம் அது. யார், எங்கே, எப்போது, எதற்காக எடுத்தார் என்ற நான்கு விவரங்கள் படத்துடன் பயணித்திருந்தால் இக்குழப்பம் நேர்ந்திருக்காது.

தும்பாவில் விண்வெளித் திட்டத்தின் முதல் அலுவலகமாகச் செயல்பட்ட புனித மரிய மகதலேனா தேவாலயக் கட்டடம், 1985ஆம் ஆண்டு முதல் விண்வெளி அருங்காட்சியகமாக உள்ளது.

சான்று உள்ளதும் இல்லாததும்

1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத்திலிருந்து நைனிக்கு ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி சுமார் 6,500 தபால்களைக் கொண்டுசென்றார். உலகின் முதல் அதிகாரப்பூர்வ வான்வழித் தபால் சேவை இது என்பதில் ஐயமில்லை. அதற்கெனத் தயாரிக்கப்பட்ட தனி முத்திரை பதிந்த உறைகள் இன்றும் சேகரிப்பாளர்களிடம் உள்ளன. சென்னையில் ஓட்டல் நடத்திய டி ஆஞ்செலிஸ் 1910ஆம் ஆண்டு தாமே வடிவமைத்த விமானத்தைப் பறக்கவிட்டதும் பழைய பதிவுகள் வாயிலாகவே தெரியவருகிறது.

மறுபுறம், மும்பையைச் சேர்ந்த சிவகர் பாபூஜி தல்படே 1895ஆம் ஆண்டிலேயே சௌபாத்தி கடற்கரையில் விமானத்தைப் பறக்கவிட்டார் என்ற கூற்று பரவலாக உள்ளது. ஆனால் அதனை உறுதிசெய்யும் சமகால ஆவணம் எதுவும் முன்வைக்கப்படவில்லை. இக்கூற்றுடன் இணைத்துப் பேசப்படும் வைமானிக சாஸ்திரம் என்ற நூலை ஆராய்ந்த பெங்களூரு இந்திய அறிவியல் கழக அறிஞர்கள் ஐவர், அது 1904ஆம் ஆண்டுக்கு முற்பட்டதாக இருக்க இயலாது என்றும், அதில் விவரிக்கப்படும் விமானங்கள் பறக்கும் தன்மையற்றவை என்றும் 1974ஆம் ஆண்டு முடிவு கூறினர். சாதனை எவ்வளவு பெரிதாகக் கூறப்பட்டாலும், அது நிற்க வேண்டிய தளம் ஆவணமே.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசுத் துறைகள், பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றின் ஆவணங்களுக்கு 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் பொருந்தும். உரிய முறையைப் பின்பற்றாமல் பொது ஆவணங்களை அழிப்பதை அச்சட்டம் தடை செய்கிறது. நிரந்தர மதிப்புடையவை தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட வேண்டும். அக்காப்பகத்தின் 'அபிலேக் படல்' இணையதளத்தில் மின்னுருவாக்கப்பட்ட பழைய கோப்புகளைப் பொதுமக்கள் தேடிப் பார்க்கலாம்.

தனிநபர் வீடுகளில் உள்ள கடிதங்கள், நாட்குறிப்புகள், புகைப்படங்களுக்கு இத்தகைய ஏற்பாடு இல்லை. அவை பிழைப்பது குடும்பத்தினரின் அக்கறையைப் பொறுத்தே உள்ளது.

வீட்டில் உள்ள ஆவணங்களைக் காப்பது எப்படி?

* தரையிலோ கீழ்த்தளத்திலோ வைக்க வேண்டாம். ஈரமும் வெயிலும் படாத உயரமான அலமாரியே ஏற்றது. அமிலமற்ற காகித உறைகளும் பெட்டிகளும் சிறந்தவை.

* லேமினேஷன் செய்வதும், கிழிசலில் செலோ டேப் ஒட்டுவதும் கூடாது. நாளடைவில் பசை காகிதத்தை அரித்துக் கறைப்படுத்தும்.

* புகைப்படத்தின் பின்புற ஓரத்தில், இருப்பவர்களின் பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றை மென்மையான பென்சிலால் எழுதவும். விவரம் அறிந்த மூத்தவர்கள் இருக்கும்போதே இதைச் செய்வது நல்லது.

* கடிதக் கட்டுகளின் மூல வரிசையைக் கலைக்க வேண்டாம். எது எதற்கு மறுமொழி என்பதை அந்த வரிசையே காட்டும்.

* ஸ்கேன் செய்த நகலை வேறோர் இடத்திலும் சேமிக்கவும். நகல் உள்ளது என்பதற்காக மூலத்தை எறிந்துவிடக் கூடாது.

* காகிதம் நனைந்தால் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தத் தொடங்க வேண்டும். அதன்பின் பூஞ்சை பிடிக்கும். மின்விசிறிக் காற்றோட்டத்தில் நிழலில் உலர்த்தலாம்; வெயிலில் காயவைக்கக் கூடாது. அளவு அதிகமாக இருந்தால், உறையில் இட்டு உறைபெட்டியில் வைத்து, பின்னர் வல்லுநரின் உதவியை நாடலாம். ஒட்டிக்கொண்ட புகைப்படங்களைப் பிரித்தெடுக்க முயலக் கூடாது.

ஆவணங்களை ஒரு காப்பகத்துக்கு அளிக்க விரும்புவோர், உரிமை, பார்வையிட அனுமதி, தனிப்பட்ட தகவல்களுக்கான கட்டுப்பாடு ஆகியவற்றை எழுத்துப்பூர்வமாகத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம். பணிக்காலத்தில் கையாண்ட அரசுக் கோப்புகள் தனிச் சொத்தாகா என்பதால், அத்தகையவை இருப்பின் உரிய துறையிடமே ஒப்படைக்கப்பட வேண்டும்.