கவலைப் பறியிலிருந்து கவச அங்கி வரை

கிண்டியிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால், பரங்கிமலையும் பல்லாவரமும் தாண்டி வருகிற குரோம்பேட்டைக்கு அப்பெயரைத் தந்தது ஒரு தோல் தொழிற்சாலை. அதே சாலையில் நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் விரைகிறவர்களுள் தோல் அங்கி அணிந்தவரைக் காண்பது அரிது. தோலைப் பதனிட்டு உலகுக்கு அனுப்பிய ஊர், தன் மேனித் தோலை மெல்லிய பருத்திச் சட்டையின் பொறுப்பில் விட்டிருக்கிறது. அலட்சியம் என்று இதை ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை.

சென்னையின் பழைய பதனிடு முறை ஆவாரம் பட்டையை நம்பியது. தோல் வாரக்கணக்கில் பட்டைச் சாற்றில் ஊறவேண்டும். குரோமிய உப்பால் விரைவில் பதனிடும் முறைக்கு 1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் காப்புரிமை பெற்றார். அம்முறையை இங்கே வேரூன்றச் செய்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். 1920இல் கிண்டிக்கு இடம்பெயர்ந்த பொறியியல் கல்லூரி, அதற்கு முன் சேப்பாக்கத்தில் இருந்த காலத்தில் அதன் பேராசிரியராக விளங்கியவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அவர் சோதனைகளைத் தொடங்கியபோது கண்முன் இருந்தது கோட்டும் அல்ல, பூட்சும் அல்ல. மாடு கட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலையின் தோற்பறி. (ஏற்றக் கவலையைச் சொல்கிறோம், மனக்கவலையை அன்று.) எந்நேரமும் நனைந்து கிடந்தும் எளிதில் அழுகாத தோல் உழவருக்கு வேண்டியிருந்தது. வெக்கையும் ஈரமும் கலந்த நாட்டுக்கு எத்தோல் ஏற்றது என்ற கேள்வி இவ்வாறு ஒரு நீர்ப்பறியை முன்னிட்டு எழுந்தது. பிறகு சேம்பர்ஸின் குரோம் லெதர் ஆலை வந்தது. 1948இல், கிண்டிக்கும் அடையாறுக்கும் நடுவே, மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் வந்தது.

ஓட்டுநர் அங்கியோ குளிர்நாட்டுக் குழந்தை. 1928இல் நியூயார்க்கின் இர்விங் ஷாட் தைத்த பெர்ஃபெக்டோ, குறுக்காக ஏறும் ஜிப்பால் மார்பில் காற்றுப் புகாமல் தடுத்தது. அங்கே அதுவே அதன் பெருமை. இங்கே அதுவே அதன் குற்றம். 1955க்குப் பின் திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட் உருவாகத் தொடங்கியது. வண்டி வந்தது, அதன் உடை வரவில்லை. சோழவரத்து ஓடுபாதையிலும் இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் பந்தயக்காரர் சில நிமிடங்களுக்குத் தோலுடையைப் பொறுத்துக்கொள்ளலாம். கத்திப்பாரா நெரிசலில் அரைமணி நிற்பவரால் இயலாது.

வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். கடற்கரை நகரின் ஈரக்காற்றில் அது எளிதில் ஆவியாகாது. காற்றோட்டம் இருந்தால் ஓரளவு ஆகும். வலைத்துணி அங்கியின் சூட்சுமம் இவ்வளவே: மார்பிலும் முதுகிலும் காற்று ஊடுருவும் பாலியெஸ்டர் வலை, தோளிலும் முழங்கையிலும் தடித்த நெசவும் அதிர்ச்சி தாங்கும் அட்டைகளும். வண்டி நின்றால் காற்றும் நின்றுவிடும் என்பதை மட்டும் விற்பவர் சொல்லமாட்டார்.

வலையெல்லாம் கவசமாகிவிடாது. 2020இல் வெளியான ஐரோப்பியத் தரம் ஈ.என். 17092 அங்கிகளை ஏஏஏ, ஏஏ, ஏ, பி, சி எனப் பிரிக்கிறது. சி வகையில் அடி தாங்கும் அட்டை உண்டு, தார்ச்சாலை உராய்வுக்குத் தடுப்பு இல்லை. பி வகையில் நேர்மாறு. நகருக்குள் ஓட்டுபவர் ஏ வகைக்குக் கீழே இறங்கக்கூடாது என்போம். ஏஏஏ வாங்கி வீட்டு ஆணியில் தொங்கவிடுவதைவிட, ஏ வாங்கித் தினமும் அணிவது மேல். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு தலைக்கவசத்தோடு நின்றுவிடுகிறது. கழுத்துக்குக் கீழே அவரவர் பாடு.

கடையில் நின்றபடி அளவு பார்க்கவேண்டாம். வண்டியில் அமர்ந்து கைப்பிடியைப் பிடிக்கும் நிலையில் முழங்கை அட்டை முழங்கையிலேயே நிற்கிறதா, முன்கைக்கு நழுவுகிறதா என்று பாருங்கள். பல அங்கிகளில் முதுகுக்கு வெறும் பஞ்சு அட்டையே இருக்கும். சான்று பெற்றதைத் தனியே வாங்கிச் செருகவேண்டும். மழைக்கென உள்ளே பொருத்தும் படலம் ஐப்பசி அடைமழையில் உடலைப் புழுங்க வைத்துவிடும், வெளியே இருக்கும் வலையோ நனைந்து கனக்கும். அதைவிட, அங்கியின் மேல் போட்டுக்கொள்ளத் தளர்வான மழைக்கோட்டு ஒன்றை இருக்கைக்கு அடியில் மடித்து வைத்திருக்கலாம்.