நம்ம ஏரியா

"ரயில் வந்துட்டா நம்ம ஏரியா எங்கியோ போயிடும் பாரு." 1990களின் கடைசியில், என் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வீட்டில் வீட்டுக்காரம்மா இப்படிச் சொன்னார்களாம். மயிலாப்பூருக்கும் மந்தைவெளிக்கும் நடுவில் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு அந்தப் பக்கம் மாடி வீடு அது. இந்தப் பக்கம் கரைமேல் எங்கள் குடிசை. அம்மா அதைச் சந்தோசமாக வந்து எங்களிடம் சொன்னாள். 'நம்ம' என்ற சொல்லில் தானும் சேர்த்திதான் என்று அவள் நினைத்துவிட்டாள்.

சென்னையின் வளர்ச்சி வரலாற்றை எழுதுகிறவர்கள் எந்தப் பாலத்தை எந்த வருசம் யார் திறந்துவைத்தார் என்று எழுதுகிறார்கள். அந்த வேலை வந்தபோது பக்கத்து மனையின் விலை ஏறியதே, அது யார் கைக்குப் போனது, யார் ஊரைவிட்டுப் போனார்கள் என்று எழுதுவதில்லை. ஒரே ஒரு கால்வாயை வைத்து அதை எழுதிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அந்தக் கரையில் பிறந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

அந்தக் கால்வாயை என் ஆயா 'பஞ்சத்துல வெட்ன கால்வா' என்றுதான் சொல்லும். "எங்க தாத்தா மண்ணு சொமந்ததுடா" என்று கை நீட்டிக் காட்டும். சின்ன வயசில் கதை என்றே நினைத்தேன். படித்த பிறகுதான் தெரிந்தது, ஆயா சொன்னது வரலாறு.

வடக்கே எண்ணூர் வரைக்கும் போகும் பகுதி முதலில் வெட்டப்பட்டது. 1806 வாக்கில் அது பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்காரரின் கால்வாயாக இருந்தது. நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற சுமார் 8 கிலோமீட்டர், 1877-78-ல் தாது வருசப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பேர் கால்வாய்க்கு வந்தது. வெட்டியவர்கள் பேர் எதற்கும் வரவில்லை. பஞ்சத்தில் முதலில் சாய்ந்தது நிலம் இல்லாத கூலிகள். செங்கல்பட்டுச் சீமையில் நிலம் இல்லாத கூலி என்றால் பெரும்பாலும் யார் என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1877-ன் தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி வந்து, நிவாரண வேலை செய்கிற வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கான காசும் மேலே ஒரு அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். இதைத் தின்று உழைத்தால் ஆள் செத்துப்போவான் என்று சென்னையின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். சில மாதம் கழித்துத்தான் கூலி ஏறியது. அந்த மாதிரிக் காலத்தில் வெட்டிய கால்வாய் இது.

கால்வாயில் உப்பும் விறகும் படகில் வந்தன. சுமை இறக்க ஆள் வேண்டும். நகரம் பெருகப் பெருகக் கக்கூஸ் கழுவ, குப்பை வார, மாடி வீடு கட்ட ஆள் வேண்டும். வேலைக்கு ஆள் வேண்டும், ஆனால் குடியிருக்க இடம் கிடையாது. ஊருக்குள் வாடகைக்குக் கேட்டால் 'நீங்க என்ன ஆளுங்க' என்பார்கள். கரை சும்மா கிடந்தது, யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய மண். அதில் எம் மக்கள் குடிசை போட்டார்கள். விலை இல்லாத மண் என்பதால்தான் விட்டுவைத்தார்கள்.

சாலையும் சாக்கடையும் ரயிலும் வந்தால் மனை விலை ஏறும் என்பது சர்க்காருக்கு நேற்றுத் தெரிந்த சங்கதி அல்ல. 1920-ல் வந்த சென்னை நகரத் திட்டச் சட்டத்திலேயே அது இருக்கிறது. திட்டத்தால் ஒருவரின் சொத்து மதிப்பு ஏறினால், ஏறியதில் ஒரு பங்கை மேம்பாட்டுக் கட்டணமாக அவரிடமிருந்து வசூலிக்கலாம் என்றது அந்தச் சட்டம். அந்தக் காலத்தில்தான் மாம்பலம் பக்கம் நீண்ட ஏரியை மனைகளாக்கித் தியாகராய நகரை எழுப்பினார்கள். ஏரியில் வீடு கட்டினவர்களை யாரும் ஆக்கிரமிப்பாளர் என்று சொல்லவில்லை. அவர்கள் கையில் பத்திரம் இருந்தது. ஏறிய விலையில் பங்கு கேட்கலாம் என்று சொன்ன அதே சட்டம், விலை ஏற உழைத்தவனுக்குப் பங்கு உண்டா என்று கேட்கவே இல்லை.

1970-ல் குடிசை மாற்று வாரியம் வந்தது. 1971-ல் அதற்கான சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின்படி சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகளை அறிவித்தார்கள், 1985-ல் இன்னும் 17. அறிவிக்கப்பட்ட பகுதி என்றால் சும்மா வந்து இடித்துவிட முடியாது, கொஞ்சமாவது சட்டப் பாதுகாப்பு உண்டு. 1977-ல் உலக வங்கிக் கடனில் ஒரு திட்டம் வந்தது. இருக்கிற இடத்திலேயே தண்ணீர்க் குழாய், கக்கூஸ், விளக்கு போட்டுக்கொடுத்து, குடியிருப்பவர் தவணை கட்டி மனையைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்றது. நம் மக்களுக்கு நகரத்தில் சொந்த வீடு என்ற பேச்சு வந்தது அப்போதுதான். ஆனால் கால்வாய்க் கரை, ஆற்றங்கரை, ரயில் ஓரம் எல்லாம் இதில் சேராது. வருவாய்த்துறை பாசையில் அது 'ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு'. ஐம்பது வருசம் இருந்தாலும் பட்டா கிடையாது.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள் தோழர்களே. கடற்கரை நிலையத்திலிருந்து கிளம்பும் பறக்கும் ரயில் 1995-ல் சேப்பாக்கம் வரை வந்தது, 1997-ல் மயிலாப்பூர் வந்தது, 2007-ல் வேளச்சேரி போய்ச் சேர்ந்தது. நகரத்துக்குள் கால்வாயோடு ஒட்டியே அந்தப் பாதை போகிறது. பல இடத்தில் கான்கிரீட் தூண் கால்வாய்த் தண்ணீருக்குள்ளேயே நிற்கிறது. கரையில் ஓலைக் குடிசை நின்றால் நீரோட்டத்துக்கு ஆட்சேபணை, கால்வாய்க்குள் தூண் நின்றால் வளர்ச்சி.

2001-ல் எங்கள் வரிசையைக் காலி செய்யச் சொன்னார்கள். எந்த ஆபீசிலிருந்து வந்தார்கள் என்று எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ரேசன் கார்டைப் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள், ஒரு டோக்கன் கொடுத்தார்கள். மறுவாரம் லாரி வந்தது. நைனா பழைய கதவைக் கழற்றி லாரியில் போட்டார். "அங்க கதவு இருக்கும்பா" என்றார் வந்தவர். "இது நான் வாங்குன கதவு சார்" என்றார் நைனா. எங்களுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அதுதான் இருந்தது.

அதே வருசங்களில் கால்வாய்க்கு அந்தப் பக்கம் பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு என்ன நடந்தது? 'நிலையத்துக்கு நடந்து போகும் தூரம்' என்று விளம்பரம் வந்தது. தனி வீடுகள் ஃபிளாட் ஆயின. அம்மா வேலை செய்த வீட்டையும் பிள்ளைகள் சேர்ந்து பில்டரிடம் கொடுத்தார்கள். அந்த வீட்டுக்காரம்மாவுக்கு அதில் விருப்பம் இல்லை. வரி ஏறிவிட்டது, தண்ணீர் இல்லை, பிள்ளைகள் கேட்கவில்லை என்று அழுதார்களாம். விலை ஏறுவது வீடு உள்ள எல்லாருக்கும் நிம்மதி தராது என்பதை நான் மறுக்கவில்லை. இருந்தாலும் அவர்கள் போகும்போது கையில் பணம் இருந்தது. எங்கள் கையில் டோக்கன் இருந்தது.

சட்டம் இந்த வித்தியாசத்தை எப்படிக் காக்கிறது என்று பார்க்க வேண்டும். பட்டா நிலத்தில் சாலையோ ரயிலோ வந்தால் அதற்குப் பேர் 'கையகப்படுத்துதல்'. 1894-ம் வருசச் சட்டப்படி சந்தை விலை தர வேண்டும். 1984 திருத்தத்துக்குப் பிறகு அதன்மேல் 30 சதவீதம் ஆறுதல் தொகை. 2013-ல் வந்த புதுச் சட்டத்தில் ஆறுதல் தொகை 100 சதவீதம். நகரத்தில் கையகப்படுத்தும் நிலத்தில் மூன்று வருசம் குடியிருந்த குடும்பத்தையும் பாதிக்கப்பட்டவராகப் பார் என்று கூட அந்தச் சட்டம் சொல்கிறது. ஆனால் புறம்போக்கை யாரும் கையகப்படுத்துவதில்லை. அதற்குப் பேர் 'ஆக்கிரமிப்பு அகற்றம்'. இந்த ஒரு சொல்லால் நூறு வருசக் குடியிருப்பு கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. ஒரு தெருவுக்கு என்ன விலை என்று சர்க்காரே தெருவாரியாக வழிகாட்டி மதிப்பு போட்டு வைத்திருக்கிறது. கரையில் இருந்த எங்கள் வரிசைக்கு அந்தப் பட்டியலில் விலையே இல்லை.

எங்களைக் கொண்டுபோய் விட்ட இடம் துரைப்பாக்கம் கண்ணகி நகர். 2000-லிருந்து நகரத்தின் கரைகளிலிருந்து எடுத்தவர்களை எல்லாம் அங்கே குவித்தார்கள், 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். பக்கத்திலேயே பழைய மகாபலிபுரம் சாலை. 2008-ல் அது ஆறு வழியாகி ராஜீவ் காந்தி சாலை ஆனது. ஐ.டி. கம்பெனிகள் நின்றன. அங்கேயும் மனை விலை வானத்துக்கு ஏறியது. எங்கள் வீட்டுக்கு ஏறவில்லை. ஒதுக்கீட்டுச் சீட்டு வைத்து பேங்கில் கடன் வாங்க முடியாது, முறையாக விற்கவும் முடியாது. கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் வேலைக்கே யோசிக்கிறார்கள். சேரி என்ற பேர் போய்விட்டது, சேரியின் விலை போகவில்லை.

இது முடிந்துபோன கதை இல்லை. 2019 இறுதியில் கூவம் கரையில் சத்தியவாணிமுத்து நகரை எடுத்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். நம்மிலிருந்து அமைச்சரான பெண்ணின் பேர் வைத்த இடம். 2021-ல் வாரியத்தின் பேரை 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாற்றினார்கள். 2022 மே மாதம் அதே பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையில், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒரு பெரியவர் தீக்குளித்துச் செத்துப்போனார். அதன் பிறகுதான் மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே வீடு தரப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பக்கத்திலேயே வீடு தர முடியும் என்று ஒத்துக்கொள்ள ஓர் உயிர் வேண்டியிருந்தது.

நகரத்துக்கு வெளியே இதே கணக்கின் பேர் பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் எழுதிய அறிக்கைக்குப் பிறகு, 1892-லிருந்து ஒடுக்கப்பட்டோருக்கு என்று கொடுத்த நிலம். மற்றவருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை இருந்தும், அது கைமாறிப்போனது. காரணையில் அதைத் திரும்பக் கேட்டவர்கள்மேல் 1994 அக்டோபர் 10 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். மண்ணுக்கு விலை இல்லாதவரை நம்மிடம் இருக்கும், விலை வந்தால் நம்மிடம் இருக்காது.

ரயில் வேண்டாம், சாலை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சாக்கடை நாற்றத்தில் வளர்ந்தவர்களுக்குச் சாக்கடை மூடினால் சந்தோசம்தான். நாங்கள் கேட்பது மூன்று. இருக்கிற இடத்தில் பட்டா, அதுவும் பெண்கள் பேரில். எடுத்தே தீர வேண்டும் என்றால் அதே வட்டாரத்தில் வீடு. எங்களை எடுத்த பிறகு சுற்றிலும் ஏறுகிற விலையில் எங்களுக்கு ஒரு பங்கு. மூன்றாவதைக் கேட்டால் சிரிக்கிறார்கள். 1920-லேயே சட்டத்தில் எழுதி வைத்த கணக்கு அது, நாங்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

போன வருசம் அம்மாவை வேளச்சேரியில் ரயில் ஏற்றி மயிலாப்பூருக்குக் கூட்டிப்போனேன். மந்தைவெளி தாண்டியதும் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கீழே கால்வாயையே பார்த்துக்கொண்டு வந்தாள். "அந்தம்மா சொன்ன மாதிரி நம்ம ஏரியா எங்கியோ பூட்சிடா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கேட்டாள்: "நம்ம ஏரியான்னு அப்ப யாரைச் சொன்னாங்க?"