இலவசம் வேறு, கட்டற்றது வேறு!

தாராசுரம் என்றதும் ஐராவதேசுவரர் கோயில்தான் நினைவுக்கு வரும். அங்கே பட்டுத் தறிகளும் உண்டு. தறி வைத்திருக்கும் ஒருவர், இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு தமிழ் எழுத்துருவை இறக்கிச் சேலைக்கு பில் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதன் உரிமத்தில் "சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்று ஒரு வரி இருந்தால்? மகளுக்குக் கடிதம் எழுதலாம், பில் அடித்தால் உரிம மீறல்! காசு இல்லாமல் வந்ததுதான். ஆனால் கட்டு இருக்கிறது.

1983இல் குனு திட்டத்தை அறிவித்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1990 வாக்கில் கட்டற்ற மென்பொருளுக்கு மூன்று சுதந்திரங்கள் சொல்லப்பட்டன: திருத்துவது, பகிர்வது, திருத்தியதைப் பகிர்வது. 'எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம்' என்பது பிறகுதான் சேர்ந்தது. அதுவே அடிப்படை என்பதால் அதற்கு முதலிடம் தந்து, எண் பூஜ்யம் கொடுத்தார்கள்.

1997இல் டெபியன் லினக்ஸ் குழு இதையே தன் விநியோகக் கொள்கையில் எழுதி வைத்தது. எந்த ஆளையும் ஒதுக்கக் கூடாது, எந்தத் துறையையும் ஒதுக்கக் கூடாது. 'வணிகத்துக்கு ஆகாது' என்று நிபந்தனை போட்ட மென்பொருளுக்கு அதன் முதன்மைத் தொகுப்பில் இடமில்லை.

கெட்ட காரியத்துக்கு மட்டும் தடை போட்டால் என்ன தப்பு என்று கேட்கலாம். ஜேசன் உரிமத்தில் டக்ளஸ் கிராக்ஃபோர்டு அதைத்தான் செய்தார். நன்மைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், தீமைக்குக் கூடாது என்றார். டெபியன் அதையும் ஏற்கவில்லை. எது நன்மை என்று யார் தீர்ப்புச் சொல்வது? ஒரு தொகுப்பில் ஆயிரக்கணக்கான மென்பொருள்கள். ஒவ்வொன்றும் ஒரு தடை போட்டால், கணினியைத் திறக்கும் முன் வக்கீலைப் பார்க்க வேண்டியதுதான்!

தமிழிலும் இந்தக் கதை நடந்தது. 'தமிழா' குழுவின் எ-கலப்பையை 2000களில் பல வலைப்பதிவர்கள் இலவசமாக இறக்கித் தட்டச்சு செய்தார்கள். ஆனால் கலப்பைக்குள் இருந்த கொழு வேறொருவருடையது. அது தவுல்ட்சாஃப்டின் கீமேன் என்ற தனியுரிமை மென்பொருள். அதைத் திறந்து திருத்த முடியாது. 2010 வாக்கில் வந்த 3.0 பதிப்பு புதிதாக எழுதப்பட்டு, குனு ஜி.பி.எல். உரிமத்தில் வெளியானது. கீமேனை 2015இல் எஸ்.ஐ.எல். வாங்கியது. இன்று அதுவும் கட்டற்ற மென்பொருள்தான்.

எழுத்துருவிலும் மாற்றம் வந்தது. ரெட் ஹாட் நிறுவனம் ஜி.பி.எல். உரிமத்தில் வெளியிட்ட லோகித் தமிழ், 2011இல் திறந்த எழுத்துரு உரிமத்துக்கு மாறியது. எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. மற்றபடி அதை வைத்துப் புத்தகம் போடலாம், பெயர்ப்பலகை எழுதலாம், காசுக்கு வேலை செய்யலாம்.

அந்தத் தறிக்காரரும் பயமில்லாமல் பில் அடிக்கலாம். இனி 'இலவசம்' என்று எதையாவது பார்த்தால், விலையோடு உரிமத்தையும் ஒருமுறை படித்துப் பாருங்கள் நண்பர்களே!