நூறு மாத வாடகை: பம்பாய்ச் சாள்களின் விலை வரலாறு

பல குடித்தனங்கள் வாடகைக்கு இருக்கும் ஒரு சிறு கட்டடத்தை விலைபேசுபவர் எதை விலைபேசுகிறார்? மண்ணையும் சுவரையும் என்பது எளிய விடை. பம்பாய் நகரத்தின் நூறாண்டு வரலாறு வேறொரு விடையைத் தருகிறது. வாடகையை நிர்ணயிக்கும் அதிகாரத்துக்கே அங்கு விலை இருந்தது. அந்த அதிகாரம் கைமாறியபோதெல்லாம் விலையும், பணம் திரட்டும் வழியும், பேரம் பேச வேண்டிய ஆளும் மாறினார்கள்.

மராத்தியில் ‘சாள்’ எனப்படுவது நீண்ட நடையோரம் வரிசையாக அறைகளும், பொதுக் குழாயும், பொதுக் கழிப்பிடமும் கொண்ட இரண்டு மூன்று மாடிக் கட்டடம். சென்னை ஒண்டுக்குடித்தனத்தின் பெரிய வடிவம் என்று அதைக் கொள்ளலாம். பருத்தி ஆலைகள் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தொழிலாளர்களுக்காகத் தனியார் இவற்றை விரைந்து கட்டினர். 1896இல் கொள்ளைநோய் பரவியதும், 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. 1920இல் தொடங்கிய அரசின் வளர்ச்சித் துறை வொர்லி, நாய்காவ் முதலிய இடங்களில் தானே சாள்களைக் கட்டியது. ஆயினும் நகரின் வாடகைக் குடியிருப்புகளில் பெரும்பகுதி தனியார் கையிலேயே இருந்தது.

அக்காலத்தில் ஒரு சாளின் விலையைக் கணக்கிடும் முறை எளிது. ஆண்டு வாடகையிலிருந்து வரியும் பராமரிப்பும் போக எஞ்சும் தொகையை இத்தனை மடங்கு என்று பெருக்கினால் விலை கிடைத்துவிடும். கற்பனையான ஒரு சாளை எடுத்துக்கொள்வோம். நாற்பது அறைகள், அறைக்கு மாதம் 10 ரூபாய் வாடகை. ஆண்டு வரவு 4,800 ரூபாய். செலவாக மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 3,200. பதினாறு மடங்கில் விலை 51,200 ரூபாய். வாங்குபவர் பாதியைக் கடனாக 6 விழுக்காடு வட்டிக்குப் பெற்றால், ஆண்டு வட்டி 1,536 ரூபாய். வட்டியைக் கட்டிய பிறகும் கையில் 1,664 ரூபாய் மிஞ்சும். வாடகையே கடனைத் தாங்கியது.

கடன் கிடைப்பதைச் சட்டமும் எளிதாக்கியது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், வீட்டுப் பத்திரங்களை அப்படியே கடன் கொடுப்பவரிடம் ஒப்படைத்து அடமானம் வைக்கும் வசதியைப் பம்பாய், கல்கத்தா, சென்னை போன்ற சில வணிக நகரங்களுக்கு மட்டும் அளித்தது. அடமானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டியதில்லை. பருத்தி வணிகத்தில் ஈட்டிய பணமும் இந்த வசதியும் சேர்ந்து சாளை நல்ல முதலீடாக்கின. பேரம் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையில் மட்டுமே நடந்தது. குடியிருப்பவருக்கு அதில் இடமில்லை. மடங்குக் கணக்கில் இன்னொரு கேடும் இருந்தது. அறைகளைத் தடுத்து, ஆட்களை நெருக்கி வாடகையைக் கூட்டினால் கட்டடத்தின் விலையும் கூடும். நெரிசலுக்கு விலை கிடைத்தது.

முதல் உலகப்போரின் வாடகை ஏற்றம் 1918இல் முதல் வாடகைக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. அது தற்காலிகமானது. நிலையான மாற்றம் இரண்டாம் உலகப்போரை ஒட்டி வந்தது. 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் 1940 செப்டம்பர் 1 அன்று நிலவிய வாடகையை அடிப்படையாகக் கொண்டு ‘நியம வாடகை’யை வரையறுத்தது, குடியிருப்பவரை எளிதில் வெளியேற்ற முடியாதபடி தடுத்தது. வரி முதலிய சில இனங்களுக்கான சிறு உயர்வுகளைத் தவிர, வாடகை அங்கேயே நின்றது. இந்தச் சட்டம் இல்லையேல் பல்லாயிரம் தொழிலாளர் குடும்பங்கள் நகரின் நடுவில் வாழ்ந்திருக்க இயலாது என்பதை மறக்கலாகாது.

வாடகை நின்றது, அறையின் மதிப்பு நிற்கவில்லை. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ‘பக்டி’ என்ற பெயரில் வெளிப்பட்டது. பக்டி என்றால் தலைப்பாகை. தமிழில் கேலியைக் குறிக்கும் ‘பகடி’யோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. கல்கத்தாவில் இதே பணத்துக்கு ‘சலாமி’ என்று பெயர். அது சலாம் என்பதிலிருந்து வந்த சொல். இரு நகரங்களும் சட்டம் தடுத்த ஒரு தொகைக்கு மரியாதையின் பெயரைச் சூட்டியிருப்பது கவனிக்கத்தக்கது. விலை என்று சொல்லியிருந்தால் அது குற்றமாகியிருக்கும். 1947ஆம் ஆண்டுச் சட்டம் வாடகைக்கு மேல் உரிமையாளர் பெறும் முன்பணத்தையும், குடியிருப்பவர் அறையை விட்டுக்கொடுக்கப் பெறும் பணத்தையும் ஒருசேரத் தடை செய்திருந்தது.

நடைமுறை வேறாக இருந்தது. புதிதாக வருபவர் ஏறக்குறைய வீட்டு விலைக்கு நெருங்கிய தொகையைக் கொடுப்பார். அதில் மூன்றில் ஒரு பங்கோ, சில இடங்களில் பாதியோ உரிமையாளருக்கு. எஞ்சியது வெளியேறும் குடியிருப்பாளருக்கு. பிறகு வாடகை ரசீது புதியவர் பெயருக்கு மாறும். அந்த ரசீதே அவருடைய பட்டா. பக்டிக்குப் பெரும்பாலும் எழுத்துச் சான்று இல்லை. ஆகவே வங்கி அதற்குக் கடன் தராது. நகை, ஊர் நிலம், உறவினர் உதவி, வட்டிக்காரர் என்பவையே அதன் மூலதனம். போருக்குப் பின் எழுந்த கட்டடங்கள் பலவற்றில் வருங்காலக் குடியிருப்பாளர்களிடம் முன்கூட்டிப் பெற்ற பக்டியே கட்டுமானச் செலவையும் தாங்கியது. கட்டுவதற்குப் பணம் கொடுத்தவர் வாடகைதாரர் என்றும், அதைப் பெற்றவர் உரிமையாளர் என்றும் அழைக்கப்பட்டனர்.

இந்நிலையில் ஒரு சாளை முழுமையாக வாங்க விரும்பியவர் விற்பவரோடு மட்டும் பேசிப் பயனில்லை. அவர் வாங்குவது நின்றுபோன வாடகையையும், அறை கைமாறும்போது கிடைக்கும் பங்கையும்தான். கட்டடத்தைக் காலியாகப் பெற நாற்பது குடும்பங்களோடு நாற்பது பேரங்கள் நடத்த வேண்டும்.

10 ரூபாய் வாடகையில் கூரையைச் செப்பனிட எவரும் முன்வரவில்லை. 1969இல் இயற்றப்பட்ட சட்டம் பழைய கட்டடங்களின் மீது ஒரு மேல்வரி விதித்து, பழுதுபார்க்கும் பொறுப்பை ஒரு வாரியத்திடம் கொடுத்தது. அதன் கீழ் ஏறத்தாழ 19,600 கட்டடங்கள் வந்தன. 1986இல் அரசு மேலும் ஓரடி சென்றது. குடியிருப்போரில் 70 விழுக்காட்டினர் கூட்டுறவுச் சங்கமாக இணைந்து கோரினால், கட்டடத்தைக் கையகப்படுத்தி அவர்களிடமே ஒப்படைக்கலாம். உரிமையாளருக்கு இழப்பீடு மாத வாடகையைப் போல் நூறு மடங்கு.

நம் கற்பனைச் சாளில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். மாத வாடகை 400 ரூபாய். நூறு மடங்கு 40,000 ரூபாய். ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன் 51,200 ரூபாய் பெறுமான கட்டடத்துக்கு 1986இல் இதுவே விலை. அறை ஒன்றுக்கு 1,000 ரூபாய். உரிமையாளருக்கு இது கொள்ளையாகத் தோன்றியது. பக்டி கொடுத்து நுழைந்தவருக்கோ, தாம் ஏற்கெனவே ஒருமுறை விலை கொடுத்த அறைக்கான இரண்டாம் தவணையாகத் தோன்றியது. இருவர் கணக்கும் பிழையன்று. இடையில் கைமாறிய பணம் எந்தப் பதிவேட்டிலும் இல்லாததால் சட்டம் இரண்டையும் ஒப்பிட இயலவில்லை.

உரிமையாளர் சங்கத்தின் வழக்கு 1992இல் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. தனியார் சொத்து முழுவதும் அரசமைப்பின் 39(ஆ) பிரிவு கூறும் ‘சமுதாயத்தின் பொருள் வளம்’ ஆகிவிடாது என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மை விடையளித்தது 2024 நவம்பர் 5 அன்று. இதற்கிடையில், உறைந்த நியம வாடகை இனியும் நியாயமானதன்று என்று 1997 டிசம்பரில் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் கூறியிருந்தது. 2000இல் நடைமுறைக்கு வந்த மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆண்டுக்கு 4 விழுக்காடு உயர்வை அனுமதித்தது; 10 ரூபாய்க்கு அது 40 காசு. அதே சட்டம் பக்டியையும் சட்டபூர்வமாக்கியது.

அதற்குள் விலையின் அடிப்படை மீண்டும் மாறிவிட்டிருந்தது. மேல்வரிக் கட்டடங்களை இடித்துக் கட்டினால் கூடுதல் தளப்பரப்பு வழங்கும் விதி, இனி எழுப்பக்கூடிய மாடிகளை விலைபொருளாக்கியது. குடியிருப்போருக்கு இலவச வீடு, எஞ்சிய தளங்கள் கட்டுமான நிறுவனத்தின் விற்பனைக்கு. தேவையான ஒப்புதல் 70 விழுக்காடாக இருந்து பின்னர் 51 ஆகக் குறைந்தது. நிறுவனம் உரிமையாளரின் பங்கை வாங்கிவிடலாம். ஒப்புதலை ஒவ்வோர் அறையிலும் தனித்தனியே பேசித்தான் பெற வேண்டும். அப்பேரம் நீளும் ஆண்டுகளில் மழையும் பெய்துகொண்டிருக்கும். பாதுகாப்பற்றது என்று முன்பே அறிவிக்கப்பட்டிருந்த பிந்தி பஜார் ஹுசைனி கட்டடம் 2017 ஆகஸ்ட் 31 அன்று இடிந்தபோது முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

நகர வரலாற்றை ஆராயும் மாணவர் பெரும்பாலும் பதிவுத்துறை ஆவணங்களிலிருந்து தொடங்குவர். பம்பாயைப் பொறுத்தவரை அவை உரிமையாளரின் பங்கை மட்டுமே காட்டும். கட்டடத்தின் மதிப்பில் பெரும்பகுதியைச் செலுத்தியவர்கள் அங்கு பெயரற்றவர்கள். வாடகை ரசீதுகளையும், குடும்பக் கணக்கேடுகளையும், நகையை விற்று அறை வாங்கியவர்களின் வாய்மொழியையும் சேர்த்துப் படிக்காத வரை, ஒரு சாள் எத்தனை முறை, எவருடைய பணத்தால் வாங்கப்பட்டது என்பதை எழுத முடியாது.