செங்கல் ஜல்லியில் வேர்விட்ட போன்சாய்

குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறுகிறவர்களுக்குச் சேர்வராயன் மலையின் செம்மண் தெரியும். பாறை யுகக்கணக்கில் மழையில் கரைந்து, இரும்பும் அலுமினியமும் மிஞ்சிய மண் அது. மலையுச்சியில் பாக்சைட்டாகவே படிந்திருக்கிறது. காப்பிக்கும் மிளகுக்கும் அருமையான மண். அதையே அள்ளி இரண்டு அங்குல ஆழத் தொட்டியில் நிரப்பினால் போன்சாய் மரம் வேரழுகிப் போகும்.

தரையில் நீர் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். தொட்டியில் நைசான மண் இருந்தால், அடியில் ஓட்டை இருந்தும் நீர் முழுதும் வடியாது. தொட்டி தட்டையாக ஆக ஆக, ஈரம் தேங்கும் பங்கு கூடும். வேருக்கு மூச்சு முட்டும்.

ஜப்பானில் இதற்கு விடை தந்தவை எரிமலைகள். கான்டோ சமவெளியில் படிந்த சாம்பல், காலப்போக்கில் செங்களிமண்ணாக இறுகியது. அதைத் தோண்டி, உலர்த்தி, சலித்தெடுத்த குருணைதான் அகடாமா. ஒவ்வொரு குருணையும் தன்னுள் நீரைப் பிடித்துக்கொள்ளும். குருணைகளுக்கு இடையில் காற்று ஓடும். 1923 நிலநடுக்கத்துக்குப் பின் டோக்கியோவின் போன்சாய்க்காரர்கள் நல்ல மண்ணும் நீரும் தேடிப் போய், 1925இல் ஓமியாவில் குடியேறியதும் அதே சமவெளியில்தான்.

நமக்கு அந்தச் சாம்பல் இல்லை; சூளை இருக்கிறது. கடல் தாண்டி வரும் அகடாமா விலை அதிகம், நாளடைவில் நொறுங்கிச் சேறாகியும் விடும். அதன் வேலையைச் செய்ய இந்தியத் தொட்டிகளுக்குள் வந்தது செங்கல் ஜல்லி. சுட்ட களிமண்ணும் நுண்துளை நிறைந்ததே. பழைய சுவர் விரிசலில் ஆலும் அரசும் முளைத்துத் தழைப்பதைப் பார்த்த ஊரில் இது வியப்பில்லை.

நன்றாக வெந்த செங்கல்லை உடைத்து இரண்டு முதல் ஐந்து மில்லிமீட்டர் குருணையாகச் சலியுங்கள். தூளை ஒதுக்கிவிடுங்கள், கலவையைக் கெடுப்பது அதுதான். குருணையை இரவு முழுக்க ஊறவையுங்கள். விரலில் மசிந்தால் வேகாத கல், வேண்டாம். இரண்டு பங்கு குருணைக்கு ஒரு பங்கு பருமணல், ஒரு பங்கு மட்கிய இலையுரம். சேலம் வெயிலுக்கு இது பொருந்தும். ஏற்காட்டின் மழைக்கும் பனிக்கும் இலையுரத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

கலவைக்கென்று மலைக்காட்டு மண்ணை மட்டும் அள்ளி வராதீர்கள். கட்டட வேலை நடக்கும் எந்தத் தெருவிலும் உடைந்த செங்கல் கிடைக்கும்.